கமா பேசாத பேச்சு

"சரி, மன்றம் எந்த வருஷம் ஆரம்பிச்சது?" என்று தமிழ்த்துறைத் தலைவர் கேட்டார்.

"எந்தத் தடவை ஆரம்பிச்சதைக் கேக்கறீங்க சார்?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை முறைத்தார். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார். சத்தியமாக இல்லை. என் மேசைமேல் பதினேழு மினிட்ஸ் புத்தகங்கள் இருந்தன. மாணவர் இலக்கிய விவாத மன்றத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று அந்தந்தக் காலத்துச் செயலாளர்கள் கையால் எழுதிவைத்தவை. அவற்றை நம்பினால் இந்த மன்றம் நாற்பத்தொரு முறை கலைக்கப்பட்டிருக்கிறது. நடுவில் நாற்பத்தொரு வருடம் தொடர்ந்து, கடைசிக் கூட்டத்தில் "இம்மன்றம் கலைக்கப்பட வேண்டும்" என்று தீர்மானம். அதற்கு ஒரு விவாதம், வாக்கெடுப்பு, பெருத்த ஆதரவோடு நிறைவேறியதாகக் கையெழுத்து. அடுத்த கல்வியாண்டின் முதல் வாரம் பார்த்தால் அதே ஆட்கள், அதே கூடம், "இன்று ஒரு புதிய மன்றம் தொடங்கப்பட்டது." இதற்கு நூற்றாண்டு விழாவாம். எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது, நீங்களே சொல்லுங்கள்.

நான் பல்கலைக்கழக அலுவலகத்தில் பழைய பதிவேட்டுப் பிரிவில் உதவியாளர். கேட்ட ஃபைலைத் தேடி, தூசி தட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பது என் வேலை. வரலாறு எழுதுவது என் வேலையே இல்லை. தமிழ்த்துறைத் தலைவர்தான் விழாக் குழுவுக்கும் தலைவர். ஆனாலும், "புத்தகமெல்லாம் உங்க ரூம்லதானே இருக்கு, நீங்களே ஒரு அறுபது பக்கம் எழுதிடுங்க, நான் ஒரு பார்வை பார்த்துடறேன்" என்று என் தலையில் கட்டிவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அடிக்குறிப்பு. மழை பெய்கிறது என்று சொன்னாலும் அதற்கு ஆதாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்கிற மனிதர்.

வேறு யாராக இருந்தாலும் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு ஒத்துக்கொண்டதற்குக் காரணம் என் மாமனார்.

ஐம்பத்திரண்டு வருடங்களுக்கு முன் மாமா இதே பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்தார். பரீட்சையெல்லாம் எழுதி முடித்துவிட்டார். அந்தச் சமயம் பார்த்து, மன்றத்தின் கடைசிக் கூட்டத்தில் துணைவேந்தரைக் கேலி பண்ணிப் பேசினார் என்று விசாரணை வைத்தார்கள். பரீட்சை முடிவை நிறுத்திவைத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். பட்டம் போச்சு. ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தவர் முப்பத்தெட்டு வருடம் அங்கேயே உட்கார்ந்து பட்டம் வாங்கினவர்களின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட இரண்டு பேர் அவருக்கு மேலதிகாரி ஆனார்கள். அவர்களிடம் பட்டம் இருந்தது.

வீட்டில் இந்தப் பேச்சு எப்போது வந்தாலும் மாமா ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார். "நான் பேசல." அதற்குமேல் இடித்துக் கேட்டாலும் ஒரு வார்த்தை வராது. என் கணவர் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர். "பேசிட்டுப் பேசலங்கறாரு, விடு" என்பார். உள்ளதைச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது விழாவை ஒட்டி ஓர் அறிவிப்பு வந்தது. மன்ற நடவடிக்கைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட பழைய மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லை என்பதற்கு ஆவணம் இருந்தால் பட்டச் சான்றிதழ் வழங்கப்படும். எழுபத்துநாலு வயது மனிதர், சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தபாலை நம்பாமல் நேரில் வந்து விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆவணம் தேட வேண்டியவள் நான். "அவர் என் மாமனார் சார்" என்று அடிக்குறிப்பிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். "ஆவணத்துக்கு மாமனார், மாமியாரெல்லாம் கிடையாது, தேடுங்க" என்றார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமாவின் கேள்வி வாசலுக்கே வந்துவிடும். "ஏதாவது கிடைச்சுதாம்மா?"

ஆரம்பத்தில் வேலை சுலபமாகத்தான் இருந்தது. முதல் புத்தகத்தில் பதினொரு மாணவர்கள் கூடிக் கட்டுரை வாசிக்கிறார்கள். ஒருவன் வாசிக்கப் பத்துப் பேர் பாராட்டுகிறார்கள். மூன்றாம் வருடம் ஒரு புண்ணியவான் பாராட்டாமல் எதிர்த்துப் பேசிவிட, மன்றம் இரண்டாக உடைந்தது. கட்டுரைக்காரர்கள் இலக்கிய மன்றம், சண்டைக்காரர்கள் விவாத மன்றம். இரண்டுக்கும் இருந்தது ஒரே கூடம். இவர்கள் முன்கதவால் வந்தால் அவர்கள் பின்கதவால் போவார்கள். ஏழு வருடம் இப்படி முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, நாற்காலி வாங்க வக்கில்லாமல் மறுபடியும் ஒன்றாகிவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை, பெண்களைச் சேர்க்கலாமா என்று நாலு கூட்டம், ஐந்தாவது கூட்டத்தில் பெண்களே வந்து உட்கார்ந்துகொண்டு என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டது. படிக்கப் படிக்க எனக்கே குஷியாக இருந்தது.

உறுப்பினர்களுக்கு மன்றத்தில் சொந்தப் பெயர் கிடையாது. சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள், மினிட்ஸில் அதுதான் ஏறும். மாமாவின் பெயர் கமா. வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று பேசுவாராம். இது வீட்டிலேயே தெரிந்த விஷயம். இன்றைக்கும் அவர் தண்ணீர் கேட்டு முடிப்பதற்குள் நான் கொண்டுவந்து வைத்துவிடுவேன்.

அந்த வருடத்துக் கடைசிக் கூட்டத்தின் பக்கத்தைத் திறந்தேன். அழகான கையெழுத்தில் இருந்தது.

"அடுத்து கமா தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். கூடத்தைப் பூட்டிச் சாவியைத் தம் மேசையில் வைத்திருக்கும் துணைவேந்தர் நம்மைக் கலைக்கச் சிரமப்பட வேண்டாம், நாமே கலைந்து அவருக்கு உதவுவோம் என்றார். பட்டமளிப்பு விழாவில் துணைவேந்தர் ஒரு மணி நேரம் ஆற்றிய உரையில் தமக்குப் புரிந்தது அவர் தண்ணீர் குடித்த பகுதி மட்டுமே என்றார். ஓரிடத்திலும் நிற்காமல் பேசி முடித்தார். நீண்ட கைதட்டல்."

அவ்வளவுதான். பேசியிருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருடம் எங்களிடம் பொய் சொன்னாரே என்று கோபம், அதைக் கண்டுபிடிக்கிற பாவம் எனக்கா வர வேண்டும் என்று இன்னொரு கோபம். சாயங்காலம் அவர் கேட்டபோது, "இன்னும் அந்த வருஷம் வரல மாமா" என்று மென்று முழுங்கினேன்.

மறுநாள் அதே பக்கத்தை மறுபடி படித்தேன். ஏதோ உதைத்தது. ஓரிடத்திலும் நிற்காமல் பேசினாரா? யார், எங்கள் மாமாவா? கீழே பார்த்தேன். மூன்று வருடமாக "வழிமொழிகிறேன்" என்பதைத் தவிர வாயே திறக்காத, ஊமைக்கோட்டான் என்ற இன்னொரு உறுப்பினர் அன்றைக்கு அரை மணி நேரம் முழங்கியிருக்கிறார். மைக் என்பவருக்குக் கால் முறிந்ததற்கு முந்தின வாரம் அனுதாபத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், இங்கே அவர் "மேடையில் இங்குமங்கும் நடந்தபடி" பேசுகிறார். மற்ற வருடங்களின் கடைசிக் கூட்டங்களைப் புரட்டினேன். எல்லாம் இதே கூத்து. ஒருவர் படிப்பை முடித்துக் கப்பலேறிப் போய்விட்டார் என்று முதல் பக்கத்தில் இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில் அவர் எழுந்து எதிர்த்துப் பேசுகிறார். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. மினிட்ஸ் எழுதினவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றால் நாற்பத்தொரு வருடமும் எல்லாச் செயலாளர்களுக்குமா பிசகும்?

"மாமா, கடைசிக் கூட்டத்துல அப்படி என்னதான் நடக்கும்?" என்று நேராகவே கேட்டேன்.

"நான் பேசல" என்றார்.

"அது தெரியும். என்ன நடக்கும்னு கேக்கறேன்."

"அது... வெளிய... சொல்லக்கூடாதும்மா" என்று பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பேப்பரைப் பிடுங்கி வீசலாம் போல இருந்தது.

இதை விடுவதில்லை என்று உறுப்பினர் பட்டியலை எடுத்தேன். அந்த வருடத்து ஆட்களில் இதே ஊரில் இருப்பது ஒரே ஒருவர்தான். மன்றத்தில் அவர் பெயர் எக்ஸ்பிரஸ். இப்போது வக்கீல், எழுபத்துமூன்று வயது, இன்னும் கோர்ட்டுக்குப் போகிறார். மதிய சாப்பாட்டு நேரத்தில் கிளம்பி அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். கட்டுக் கட்டாக வழக்குக் காகிதங்கள், அவற்றுக்கு நடுவில் சின்ன உருவமாக ஓர் அம்மா. மாமாவின் மருமகள் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அவர் அனுப்பினாரா?"

"அவர் எங்க வாயைத் திறக்கறாரு? நானாத்தான் வந்தேன்" என்று மினிட்ஸின் நகலை முன்னால் வைத்தேன். "எனக்கு ஒண்ணுமே புரியல மேடம். கால் ஒடிஞ்சவரு எப்படி நடந்துக்கிட்டே பேசினாரு?"

வக்கீல் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். "கலைப்புக் கூட்டத்துல யாரும் தன் பேர்ல பேசக்கூடாது. ஒரு வாரம் முன்னாடியே எல்லார் பேரையும் சீட்டு எழுதி டப்பாவுல போட்டுக் குலுக்குவோம். உனக்கு யார் பேரு வருதோ அவங்களா மாறிப் பேசணும். அவங்க என்ன நினைப்பாங்களோ அதை. மினிட்ஸ்லயும் அந்தப் பேருதான் போகும். ஒரு நாளாவது அடுத்தவன் மண்டைக்குள்ள உட்கார்ந்து பார்க்கட்டும்னு எவனோ ஆரம்பிச்சு வச்ச வழக்கம். யாரு யாரா மாறினாங்கன்னு வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற."

நகலில் கமாவின் வரியைத் தொட்டுக் காட்டினேன். "அப்ப அன்னிக்கு கமா பேரு யாருக்கு வந்தது?"

"எனக்குத்தான்" என்றார்.

எழுந்து நின்றுவிட்டேன். வந்த இடம், பெரியவர், ஒன்றும் தோன்றவில்லை. "அம்பத்திரண்டு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா? அவர் பட்டம் போச்சு, வேலை போச்சு, நீங்க பாட்டுக்கு வக்கீல் ஆயிட்டீங்க. எப்படிங்க மனசு வந்தது?"

"திட்டு, திட்ட வேண்டியதுதான்" என்றார். "விசாரணைன்னு கேள்விப்பட்டதும் நேரா துணைவேந்தர் ரூமுக்குத்தான் போனேன். உன் மாமனார் வாசல்ல மறிச்சுக்கிட்டு நின்னாரு. உள்ள போனா என் மூஞ்சியிலயே முழிக்காதன்னாரு. நானும் நின்னுட்டேன். பயம்தான், நல்லவ மாதிரி பேச விரும்பல. அவர் ஏன் மறிச்சாருன்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார். அந்த வழக்கம் என்ன, சீட்டில் கமாவின் பெயர் தனக்கு எப்படி வந்தது, எல்லாம் விவரமாக. கடைசியில், "அப்பேச்சு முழுவதும் என்னுடையது. அதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை" என்று முடித்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். மறுநாள் பதினோரு மணிக்குக் குழு கூடுகிறது. அந்தக் காகிதம் போதும். வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை நாள் அவரை நம்பாமல் போனோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அன்றைக்கு மாமா கேட்பதற்கு முன் நானே கத்தினேன். "கிடைச்சிருச்சு மாமா! சான்றிதழ் வந்த மாதிரிதான்!" என் கணவர் உள்ளிருந்து ஓடிவந்தார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாக்குமூலத்தையும் அதோடு இருந்த மினிட்ஸ் நகலையும் படித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை அவர் முகம் சிவந்தது.

"முழுவதும் என்னுடையதுன்னு... எழுதியிருக்காளே" என்றார்.

"அவங்கதானே மாமா பேசினாங்க?"

"பேசினா... சரி. முழுவதும் எப்படி... அவளோடது ஆகும்? மினிட்ஸ்ல நாலு வரிதான் இருக்கு. பூட்டுக்கும் சாவிக்கும் நடுவுல நடக்கற பேச்சுவார்த்தை ஒண்ணு வரும், அது எங்க? கடைசியில நாற்காலிகளுக்கு நன்றி சொல்ற இடம், அது எங்க? நாலு நாள் அடிச்சு அடிச்சு எழுதினேன்..."

நிறுத்திவிட்டார். நானும் என் கணவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"நீங்க எழுதினீங்களா?" என்றேன்.

மாமா கட்டிலில் உட்கார்ந்தார். அவர் அன்றைக்குச் சொன்னதை அவர் நின்ற இடத்திலெல்லாம் நிறுத்தி எழுதினால் பக்கம் போதாது, அதனால் சேர்த்தே சொல்கிறேன். "சீட்டு எடுத்த அன்னிக்கு அவ வந்து, உன்ன மாதிரி எனக்கு யோசிக்க வராது, எழுதிக் குடுன்னா. குடுத்தேன். எனக்கு எழுத வரும்மா, பேசத்தான் வராது. மூணு வருஷம் அந்த மேடையில ஏறினேன். பின்வரிசையில கொட்டாவி விடுவானுங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன் கை தட்டினதில்ல. அன்னிக்கு அவ வாயில அது போனப்ப கூடமே எழுந்து நின்னு தட்டிச்சு. எனக்கு நிமிர்ந்து பார்க்கவே முடியல, குனிஞ்சுக்கிட்டேன். அது எனக்கா, அவளுக்கா? இன்னிக்கு வரைக்கும் தெரியல."

"விசாரணையில?" என்றார் என் கணவர்.

"நீ பேசினியான்னு கேட்டாங்க. பேசலன்னேன். எழுதினியான்னு எவனும் கேக்கல. அவ உள்ள போய் எல்லாம் என்னுதுன்னு சொல்லியிருந்தா என் பட்டம் தப்பிச்சிருக்கும். ஆனா அந்தக் கைதட்டலும் அவளுக்கே போயிருக்கும். அதான் மறிச்சேன். தியாகம்னு அவ நினைச்சுக்கிட்டிருப்பா. தியாகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அற்பத்தனம்."

எனக்கு அழுவதா, திட்டுவதா என்று தெரியவில்லை. காகிதம் கையில் இருந்தது. அதை அப்படியே கொடுத்தால் நாளை மதியம் இவருக்குப் பட்டம். ஐம்பத்திரண்டு வருடக் காத்திருப்பு முடிந்துவிடும். ஆனால் அதற்கு அந்தப் பேச்சில் இவருக்குப் பங்கே இல்லை என்று நானே வரலாற்றில் எழுத வேண்டும்.

"என்ன மாமா பண்ணட்டும்?"

"குடுத்துடு. எனக்கு வேணும்" என்றார். நான் பையில் வைக்கப் போனேன். "இரு இரு, குடுக்காத." வெளியே எடுத்தேன். "இல்ல, குடுத்துடு. வயசாச்சு." என் கணவர், "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கப்பா, பாவம் அவ" என்றார். "தெரியலடா" என்று மாமா கத்தியே விட்டார். அவர் கத்தி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

நான் ஃபோனை எடுத்து வக்கீலைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் பேச்சை எழுதினது மாமான்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்ன" என்றார். "பங்கு இருக்குன்னா சான்றிதழ் தர மாட்டாங்க. அதனால அப்படி எழுதினேன். பொய்தான். இருந்துட்டுப் போகட்டும்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்குத் தட்டினாங்களே, அது யாருக்கு?"

"இது என்ன கேள்வி? பேசி முடிச்சிட்டு மேடையில நான் தனியா நின்னேன். மொத்தக் கூடமும் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மூணாவது வரிசைப் பக்கம் திரும்பி நின்னு தட்டிச்சு. அந்த மாதிரி வாக்கியத்தை வேற யாரு எழுதுவா? மூணு வருஷமா கையெழுத்துப் பத்திரிகையில அவரைப் படிச்சவங்கதானே எல்லாரும். எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சலாக்கூட இருந்தது. உன் மாமனார்தான் தலையைக் கவுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு."

ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே மாமாவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"எல்லாருமா?" என்றார்.

"எல்லாரும்தானாம்."

"கடைசி வரிசையில துணைவேந்தர் ஆபீஸ் குமாஸ்தா ஒருத்தன் இருந்தான். வேவு பார்க்க அனுப்பின ஆளு. பேசினது ஒரு பொண்ணுன்னு அவன் கண்ணால பார்த்தான். அப்புறம் எப்படி என்னைப் பிடிச்சாங்கன்னுதான் எனக்குப் புரியவே இல்ல. அவளைக் கேளு."

கேட்டேன். வக்கீல் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். "அந்த ஆளும் திரும்பிப் பார்த்தாராம் மாமா. கூடம் யாரைப் பார்த்துத் தட்டுதுன்னு பக்கத்துல கேட்டுட்டு நோட்டுல எழுதினாராம். மேடையிலிருந்து வக்கீலம்மா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்களாம். மினிட்ஸ்லயும் கமான்னு இருக்க, விசாரணை வச்சவங்களுக்கு வசதியாப் போச்சாம்."

மாமா சிரித்தார். முதலில் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அப்புறமும் சிரித்தார்.

"அப்ப சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்காங்க" என்றார். ஒரு கமா இல்லாமல் சொன்னார்.

பிறகு என் கையிலிருந்த வாக்குமூலத்தை வாங்கி நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்குப் போனதும் என் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிட்டு வந்துடும்மா" என்றார்.